கூண்டு ஏத்தாத புயல்: 2021 மார்ச், தஞ்சாவூர் பள்ளிக்கூடத் தொற்று, ஒரு நிகழ்வு ஆய்வு

கொரோனா ரெண்டாவது அலைன்னாலே எல்லாருக்கும் 2021 மே மாசம்தான் ஞாபகம் வரும், ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை, ஆக்சிஜன் பெட்டுக்கு போன் மேல போன், மே 21ம் தேதி ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 36,184 பேருக்கு பாசிட்டிவ். ஆனா எங்க காவிரி டெல்டாவுக்கு அது மே மாசம் வரல. மார்ச்லயே ஆள் அனுப்பி சொல்லிட்டுத்தான் வந்துச்சு, அந்த ஆள் வந்த ஊர் அம்மாபேட்டை.

தஞ்சாவூர்ல இருந்து நீடாமங்கலம் போற ரோட்டுல இருக்கற ஊர். சுத்துப்பட்டு கிராமத்துப் பொண்ணுங்க டவுன் பஸ் புடிச்சு வந்து படிக்கற ஒரு அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளிக்கூடம் அங்க இருக்கு. மார்ச் ரெண்டாவது வாரத்துல அங்க ஒரு மாணவிக்கு பாசிட்டிவ் வந்துச்சு, கூட படிக்கற புள்ளைங்களுக்கு டெஸ்ட் எடுத்தா இன்னும் கொஞ்சம் பேரு, மறுபடி எடுத்தா இன்னும் கொஞ்சம் பேரு, ஒரு வாரத்துக்குள்ளயே அம்பதைத் தாண்டிடுச்சு. சில வீட்ல அப்பா அம்மாவுக்கும் வந்துச்சு. அடுத்த பத்து நாளுக்குள்ள தஞ்சாவூர் மாவட்டத்துல பத்துக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடம், சில காலேஜுன்னு பரவிடுச்சு. மார்ச் 22ல இருந்து 9, 10, 11ம் வகுப்புகளுக்கு மாநிலம் பூரா லீவு விட்டாங்க.

இந்த கேஸை ஏன் எடுத்தேன்னா, இதுல கண்டுபிடிக்கற பாதி ரொம்ப சுத்தமா நடந்துச்சு. கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் என்ன செய்யணுங்கற பாதிதான் நடக்கல. பெருந்தொற்றுக்கு அரசாங்கம் எப்படி தயாராகுதுன்னு பேசறவங்க பெரும்பாலும் பெட் எத்தனை, வெண்டிலேட்டர் எத்தனை, டாக்டர் எத்தனைன்னே பேசறாங்க, அதெல்லாம் வேணுந்தான், ஆனா சேதி தெரிஞ்ச நாளுக்கும் முடிவெடுத்த நாளுக்கும் நடுவுல எத்தனை நாள் போச்சுங்கற கணக்கை யாரும் போடறதில்ல.

முதல்ல நல்லா நடந்தத சொல்லிடறேன், ஏன்னா அந்தப் பேரு அவங்களுக்கு சேரணும்.

தமிழ்நாடு ரேபிட் ஆன்டிஜென் டெஸ்ட் பக்கமே போகாம எல்லாத்தையும் லேப்ல பாக்கற ஆர்டிபிசிஆர்லயே செஞ்ச மாநிலம், வேற பல மாநிலங்கள்ல ரேபிட் கிட்டை வச்சு எண்ணிக்கை காட்டிட்டு இருந்தப்ப இங்க அத செய்யல. டெல்டாவுல லேப் வசதி ஆரம்பத்துலயே வந்துடுச்சு. 2020 மார்ச்ல மாநிலத்துல இருந்த லேப் எல்லாம் விரல் விட்டு எண்ணிடலாம், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், தேனி அந்த மாதிரி, அந்தப் பட்டியல்ல திருவாரூர் மெடிக்கல் காலேஜும் இருந்துச்சு. அதுக்கு மேல கிராம சுகாதார நர்ஸ்ங்கற ஏற்பாடு, ஊருக்கு யாரு கர்ப்பமா இருக்கா, யாரு வீட்ல கைக்குழந்தை, யாருக்கு சுகர்னு நோட்டுல எழுதி வச்சிருக்கறவங்க. ஒரு மாணவி பாசிட்டிவ்னா அவ எந்த பஸ்ல வந்தா, எந்த தெரு, வீட்ல வயசானவங்க யாருன்னு புடிக்கறதுக்கு தனியா ஆப் வேண்டியதில்ல, நர்ஸம்மாகிட்ட கேட்டா போதும். இது எதுவுமே கொரோனாவுக்காக ஓடி ஓடி உருவாக்குனது கிடையாது, பல வருஷமா காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் தடுப்பூசிக்கும் ஓடிட்டு இருந்த வண்டி. அந்த வண்டிதான் அம்மாபேட்டையில ஒரு புள்ளைய வச்சு அம்பது பேர கண்டுபிடிச்சுச்சு.

இப்ப அந்த மார்ச் மாசத்து காலண்டரை எடுத்து பக்கத்துல வச்சுப் பாருங்க.

பிப்ரவரி 26ம் தேதி சட்டமன்றத் தேர்தல் அறிவிச்சாங்க. மார்ச் 12ல இருந்து 19 வரைக்கும் வேட்புமனு, அதே நாட்கள்லதான் பள்ளிக்கூடத்துல ஒன்னு ஒன்னா பாசிட்டிவ் வருது. மார்ச் 19 வாக்குல மாநிலத்துல தினசரி எண்ணிக்கை மறுபடி ஆயிரத்தைத் தாண்டுது. மார்ச் 22 பள்ளிக்கூடத்துக்கு பூட்டு. மார்ச் 25 திருவாரூர்ல ஆழித்தேர் ஓடுது, அம்மாபேட்டையில இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான் தூரம். பிரச்சாரம் பாட்டுக்கு வேன், மேடை, பிரியாணின்னு நடக்குது. ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு, அன்னைக்கு எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியாச்சு. ஏப்ரல் 8ம் தேதி, ஓட்டுப் போட்ட மை காய்ஞ்ச ரெண்டாவது நாள், திருவிழாவுக்கு தடை, தியேட்டர்ல பாதி சீட்டுன்னு கட்டுப்பாடு அறிவிப்பு வருது, 10ம் தேதில இருந்து அமல். 20ம் தேதி ராத்திரி ஊரடங்கு. மே 2 ஓட்டு எண்ணிக்கை, மே 7 புது அரசு பதவியேற்பு, மே 10 முழு ஊரடங்கு.

அப்ப எங்க பக்கத்து டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டாரு, "ஏந்தம்பி, பள்ளிக்கூடத்துக்கு போனா வரும்ங்குறான், மீட்டிங்குக்கு போனா வராதாமா?" சிரிச்சுட்டு விட்டுட்டோம், ஆனா கேள்வி சரியான கேள்வி. பள்ளிக்கூடத்தை மூடறதுக்கு ஒரு உத்தரவு போதும், எதிர்த்துப் பேச ஆள் இல்ல, புள்ளைங்களுக்கு ஏற்கனவே பிப்ரவரி 25ம் தேதியே 9, 10, 11க்கு ஆல் பாஸ் போட்டாச்சு. மூடறதுக்கு சுலபமா இருந்தத மூடுனாங்க. நோய் எங்க பரவுமோ அங்க கை வைக்கல, கை எட்டுன இடத்துல வச்சாங்க.

தேர்தல் கமிஷன்கிட்ட விதி இல்லாம இல்ல. 2020 ஆகஸ்ட்லயே கொரோனா காலத்துல தேர்தல் எப்படி நடத்தணும்னு வழிகாட்டுதல் போட்டாங்க, ஒரு பூத்துக்கு ஆயிரம் ஓட்டருக்கு மேல கூடாது, வீடு வீடா போறப்ப அஞ்சு பேருக்கு மேல கூடாதுன்னு. பூத்துல அது நடந்துச்சு, கையுறை குடுத்தாங்க, டெம்பரேச்சர் பாத்தாங்க, உண்மையச் சொல்லணும். பிரச்சாரத்துல யாரும் அந்தப் பேப்பரைத் திரும்பிக்கூட பாக்கல. ஏப்ரல் 26ம் தேதி சென்னை ஹைகோர்ட் தேர்தல் கமிஷனைப் பாத்து கொலைக் குற்றச்சாட்டே போடலாம்னு வாய்மொழியா சொன்னது எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. வந்து என்ன, அப்ப ஓட்டுப்பதிவு முடிஞ்சு இருபது நாள் ஆயிருந்துச்சு.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, இதைத்தான் யாரும் பெருசா பேசல. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு 2005 சட்டப்படி தலைவர் கலெக்டர். மாவட்டத் தேர்தல் அலுவலரும் அதே கலெக்டர்தான். அதாவது "இந்தக் கூட்டம் ஆபத்து"ன்னு சொல்ல வேண்டிய நாற்காலியும் "இந்தக் கூட்டத்துக்கு அனுமதி"ன்னு கையெழுத்துப் போட வேண்டிய நாற்காலியும் ஒரே ரூம்ல ஒரே நாற்காலி. நான் எந்தத் தனி அதிகாரியையும் குறை சொல்லல, அந்த நாற்காலில யாரு உக்காந்திருந்தாலும் தேர்தல் முடியற வரைக்கும் தேர்தல் வேலைதான் முதல் வேலையா இருக்கும், மேல இருந்து வர்ற போன் அத்தனையும் அதுக்குத்தான் வரும்.

சரி, அதே டெல்டா, அதே நிர்வாகம், அதே கொரோனா காலம், நாலு மாசம் முன்னாடி என்ன செஞ்சுச்சுன்னு பாருங்க.

2020 நவம்பர்ல நிவர் புயல். வங்கக் கடல்ல சுழல ஆரம்பிச்ச உடனே வேலை ஆரம்பிச்சுடுச்சு. நவம்பர் 24 மதியம் 1 மணில இருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு ஏழு மாவட்டத்துல பஸ் நிறுத்தம். 25ம் தேதி மாநிலம் பூரா பொது விடுமுறை. தாழ்வான இடத்து ஜனங்களை முகாமுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அதுவும் மாஸ்க், இடைவெளின்னு கொரோனா விதியையும் பாத்துக்கிட்டு. கடைசியில புயல் புதுச்சேரிக்கு மேல மரக்காணம் பக்கமா போய் கரையேறிடுச்சு, டெல்டாவுக்கு பயந்த அளவுக்கு அடி இல்ல. யாராவது "வீணா பஸ்ஸை நிறுத்திட்டாங்க, நஷ்டம்"னு சண்டைக்குப் போனாங்களா? போகல. கஜாவை 2018 நவம்பர்ல பாத்த ஊரு, தென்னை மொத்தமா சாஞ்ச ஊரு, புயல்னா முன்கூட்டியே செய்யறதுதான் சரின்னு எல்லாருக்கும் தெரியும். வராத புயலுக்கு செஞ்ச ஏற்பாட்டைக்கூட யாரும் கேலி பண்றதில்ல.

வித்தியாசம் எங்க இருக்குன்னா கூண்டுல இருக்கு. நாகப்பட்டினம் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துவாங்க, 1ம் நம்பர்னா தூரத்துல உருவாகிருக்கு, 3ன்னா உள்ளூர்ல காத்து அடிக்கும், 5, 6, 7 அபாயம், 8, 9, 10 பெரும் அபாயம், 11ன்னா வானிலை ஆபீஸோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம் (11ஐ நெனச்சாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்). படிக்காத மீனவருக்கும் எந்த நம்பருக்கு போட்டை மேல இழுக்கணும், எந்த நம்பருக்கு வீட்டை விட்டு கிளம்பணும்னு தெரியும். கூண்டு ஏத்தறவர் அன்னைக்கு மந்திரியோட கூட்டம் இருக்கான்னு பாத்துட்டு ஏத்தறதில்ல. புயலோட நிலைமைக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு வேலை, முன்னாடியே எழுதி வச்சது.

பெருந்தொற்றுக்கு அப்படி ஒரு கூண்டு நம்மகிட்ட அன்னைக்கு இல்ல. கையில இருந்தது 1897ம் வருஷத்து தொற்றுநோய் சட்டம், பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் அவசரமா போட்டது, மொத்தமே நாலு பிரிவுதான், அரசாங்கம் எது தேவைன்னு நெனைக்குதோ அத செஞ்சுக்கலாம்னு சொல்லுது, எப்ப செய்யணும்னு சொல்லல. 2020ல டாக்டர் நர்ஸைத் தாக்கறவங்களுக்கு தண்டனைன்னு ஒரு திருத்தம் சேத்தாங்க, அது நல்ல விஷயந்தான், ஆனா எப்பங்கற கேள்வி அப்படியே கெடந்துச்சு.

எப்பன்னு எழுதலேன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு 2020 மார்ச்சே உதாரணம். மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு அறிவிப்பு, 12 மணிக்கு நாடே பூட்டு. அன்னைக்கு இந்தியா பூரா சேத்தே ஐநூறு சொச்சம் கேஸ்தான். 1, 2, 3ன்னு எதுவும் ஏத்தாம எடுத்த எடுப்புல 10ம் நம்பர் கூண்டு. (அதே நாள்ல சட்டசபையில மயிலாடுதுறையைத் தனி மாவட்டமாக்கறோம்னு அறிவிச்சாங்க, சந்தோஷப்பட்டு வெடி போடக்கூட ஆளு வெளிய வர முடியல.) டெல்டாவுக்கு அது எந்த நேரம்? சம்பா அறுவடை முடிஞ்சு நெல்லு கொள்முதல் நிலையத்துல கெடக்குது, வயல்ல உளுந்தும் பயறும், கத்திரிக்காய் வெண்டைக்காய் பறிப்பு, வாழை வெட்டு. விவசாய வேலைக்கு விலக்குன்னு மார்ச் 27லதான் டெல்லில இருந்து பேப்பர் வந்துச்சு. கடல் மீன்பிடிக்கு ஏப்ரல் 10 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிடுச்சு, ஏப்ரல் 15ல வழக்கமான தடைக்காலம் ஆரம்பம், ஆக நடுவுல கெடைச்சது நாலஞ்சு நாள். அப்புறம் அந்த வருஷம் மட்டும் தடைக்காலத்தை 61 நாள்ல இருந்து 47 நாளா குறைச்சு மே 31ஓட முடிச்சாங்க. இதெல்லாம் பூட்டுனதுக்கு அப்புறம் ஒவ்வொரு ஓட்டையா அடைச்ச வேலை. முன்னாடியே உக்காந்து "டெல்டாவை மார்ச்ல பூட்டுனா எது எது ஓடணும்"னு ஒரு பக்கம் எழுதி வச்சிருந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

அதே 2020 ஏப்ரல் கடைசியில சென்னை கோயம்பேடு மார்க்கெட். சென்னை, கோவை, மதுரைக்கு 26ல இருந்து நாலு நாள் முழு ஊரடங்குன்னு அறிவிச்ச உடனே 25ம் தேதி மார்க்கெட்டுல கூட்டம் முட்டி மோதுச்சு, அப்புறம் மே 5 மார்க்கெட்டையே மூடுனாங்க, அங்க மூட்டை தூக்குன நம்ம பக்கத்து ஆளுங்க லாரியிலயும் கெடைச்ச வண்டியிலயும் ஊருக்கு வந்தாங்க. கடலூர், அரியலூர், பெரம்பலூர்ல சில நாளுக்குள்ள நூத்துக்கணக்குல ஏறுச்சு. இதுல ஒன்னு கவனிக்கணும், மூடறதுக்கு முன்னாடி அங்கயே டெஸ்ட் எடுத்து, எந்த ஊருக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு அந்தந்த மாவட்டத்துக்கு லிஸ்ட் அனுப்பிட்டு மூடியிருந்தா கதை வேற. மூடறது ஒரு வேலைன்னா, மூடுனா ஜனங்க எந்தப் பக்கம் ஓடுவாங்கன்னு பாக்கறது அதைவிட பெரிய வேலை.

ஒரு விஷயம் அந்த வருஷத்துல அழகா நடந்துச்சு, ரேஷன். ஏப்ரல்ல அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபா, அரிசி பருப்பு எண்ணெய் சர்க்கரை, தேதியும் நேரமும் போட்ட டோக்கனை வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்தாங்க. ஊர்ல இருக்கற கடை, தெரிஞ்ச விற்பனையாளர், ஏற்கனவே இருக்கற கார்டு. மாவட்டம் தாண்டறதுக்கு ஈ-பாஸ்னு புதுசா ஒன்னு கண்டுபிடிச்சாங்களே, அது சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஜனங்களை அலைய விட்டுச்சு, ஜூன்ல டெல்டாவும் திருச்சி, அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டையும் சேத்து ஒரே மண்டலம்னு ஆக்குனப்ப கொஞ்சம் மூச்சு விட்டோம். அப்பவும் காரைக்கால் வேற கணக்கு, அது புதுச்சேரி. நாகூர்ல இருந்து கூப்பிடு தூரம்னு சொல்லலாம், ஆனா அந்தப் பக்கம் வேற அரசாங்கம், வேற உத்தரவு, நடுவுல தடுப்புக் கட்டை.

மறுபடி அம்மாபேட்டைக்கு வர்றேன். மார்ச் 2021ல ஒரு கூண்டு ஏத்தியிருந்தா என்ன மாறியிருக்கும்? ஊரடங்கு போட்டிருக்கணும்னு நான் சொல்லல, அது தப்பான பாடம், 1ம் நம்பர் கூண்டு ஏத்துனா யாரும் வீட்டை காலி பண்றதில்ல. ஒரே வாரத்துல ஒரே வட்டாரத்துல மூணு நாலு பள்ளிக்கூடத்துல கொத்தா வந்தா, 60 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு அந்த வட்டாரம் பூரா தடுப்பூசி முகாம். மார்ச் 1ல இருந்து அவங்களுக்கு ஊசி திறந்தாச்சு, மார்ச்ல ஊசி இருந்துச்சு போடத்தான் ஆள் வரல, மே மாசம் ஆள் வரிசையில நின்னாங்க ஊசி இல்ல. அந்தப் பொண்ணுங்க வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்த பாட்டிங்களுக்கு மார்ச்சுக்கும் மேக்கும் நடுவுல இருந்த அந்த வாரங்கள் எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. பொதுக்கூட்டம் வேணாம்னு சொல்ல முடியலைன்னா திறந்த வெளி, இத்தனை பேர்னு எண்ணிக்கை. ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் பைப் போன பெட்டு எத்தனைன்னு அன்னைக்கே எண்ணிக்கை எடுத்து, குறைச்சலுக்கு ஆர்டர்.

பெட்டு விஷயத்துல டெல்டாவுக்குள்ளயே ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கு. தஞ்சாவூர்லயும் திருவாரூர்லயும் மெடிக்கல் காலேஜ் இருந்துச்சு. நாகப்பட்டினத்துல அப்ப கிடையாது, 2022 ஜனவரி 12ம் தேதி ஒரே நாள்ல திறந்த 11 காலேஜ்ல நாகையும் அரியலூரும் வந்துச்சு, ரெண்டு அலையும் முடிஞ்சு மூணாவது நடக்கறப்ப. அந்தப் பட்டியல்ல மயிலாடுதுறை இல்ல. சீர்காழில மூச்சுத் திணறுன ஒருத்தரை திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டு போற தூரத்தை எந்த கட்டுப்பாட்டு அறையும் குறைக்க முடியாது. சீக்கிரம் தெரியறது யாருக்கு ரொம்ப முக்கியம்னா ஆஸ்பத்திரி தூரமா இருக்கறவங்களுக்குத்தான்.

இந்த லேட்டா முழிக்கற நோய் நம்ம ஊர்ல மட்டும் படுத்துன பாடு இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30ம் தேதியே சர்வதேச அவசரநிலைன்னு அறிவிச்சுச்சு, அதே நாள்லதான் கேரளாவுல இந்தியாவோட முதல் கேஸ் உறுதியாச்சு. சட்டப்படி அவங்ககிட்ட இருந்தது அந்த ஒரே ஒரு கூண்டு. பல நாடு அசையவே இல்ல. மார்ச் 11ம் தேதி பெருந்தொற்றுன்னு சொன்ன அப்புறம்தான் அலறி எழுந்தாங்க, அந்தச் சொல்லுக்கு அப்ப விதியில தனியா இடமே கிடையாது. அதுக்கப்புறம் 2024ல சர்வதேச சுகாதார விதியைத் திருத்தி பெருந்தொற்று அவசரநிலைன்னு மேல ஒரு படி சேத்தாங்க, 2025 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. 2025 மே மாசம் பெருந்தொற்று ஒப்பந்தமும் நிறைவேறுச்சு. ஜெனீவாவுல ரெண்டு கூண்டு ஆயாச்சு. அம்மாபேட்டைக்கு எத்தனைங்கறதுதான் என் கேள்வி.

எழுதணும்னா கஷ்டமான வேலை ஒன்னும் இல்ல, வட்டார அளவுல அஞ்சு நிலை, ஒவ்வொரு நிலைக்கும் எந்த எண்ணிக்கை, என்ன வேலை, யாரு செய்யணும், அறுவடை மாசம்னா எது ஓடணும், தடைக்காலம்னா எது, மேட்டூர் திறக்கற ஜூன் 12க்கு முன்னாடி தூர்வாற ஆளுங்க எப்படி, பக்கத்துல காரைக்கால்காரங்களோட எப்படி பேசிக்கறது. நாலு பக்கத்துக்கு மேல போகாது. ரொம்ப சண்டை வரப்போறது கூண்டு ஏத்தற அதிகாரம் யாருக்குங்கறதுலதான். கலெக்டர்னு எழுதுனா தேர்தல் வருஷத்துல மறுபடி அதே ஒத்த நாற்காலி. தமிழ்நாட்டுல 1939ம் வருஷத்துலேயே பொது சுகாதாரச் சட்டம் போட்டு சுகாதார அலுவலருக்குன்னு தனி அதிகாரம் குடுத்து வச்சிருக்கோம், இந்தியாவுலயே முதல்ல போட்ட மாகாணம் நாமதான். மாவட்டத்துல சுகாதாரத்துக்குன்னே ஒரு அதிகாரி இருக்காரு (2021ல அந்தப் பதவிக்குப் பேரு சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர்), அம்மாபேட்டை டெஸ்ட் ரிசல்ட் முதல்ல போய் விழுந்ததும் அந்த ஆபீஸ்லதான். என் ஓட்டு அவருக்கு, ஏன்னா தேர்தல் நடத்தற வேலை அவர் தலையில இல்ல.